மெத்தை டிரைவரின் வலது கால்

நிறைகுடம் தளும்பாது என்று முதலில் சொன்ன ஆள் எண்ணெய் லாரி ஓட்டியவராகத்தான் இருக்க வேண்டும் என்பாள் சாக்பீஸ். கழுத்துவரை நிரப்பிய லாரி சாதுவான பசு மாதிரி. சொன்ன இடத்தில் நிற்கும், சொன்ன பக்கம் திரும்பும். அதே லாரி பாதி எண்ணெயை ஓரிடத்தில் இறக்கிவிட்டு மீதிப் பாதியோடு கிளம்பும்போதுதான் அதற்குள் பேய் புகுந்துகொள்ளும். பிரேக்கை மிதித்தால் உள்ளே இருக்கிற எண்ணெய் மொத்தமும் முன்னால் ஓடிவந்து முட்டும், பின்னால் போகும், மறுபடி வந்து முட்டும். சக்கரம் நின்ற பிறகும் எண்ணெய் நிற்காது. டீசல் லாரிகளில் தடுப்புத் தகடுகள் வைத்து அந்த அலையை உடைப்பார்கள். சமையல் எண்ணெய் லாரியில் அந்தப் பேச்சே இல்லை. தகட்டின் இடுக்கில் பழைய எண்ணெய் தங்கிச் சிக்கு வாடை அடிக்கும் என்று உள்ளே வழவழவென்று ஒரே உருளையாகச் செய்துவிடுவார்கள். ஆக, அந்த வண்டியில் அலைக்குத் தடுப்பு என்று ஏதாவது இருந்தால் அது டிரைவரின் வலது கால்தான். வண்டி நின்றுவிட்டது என்று அந்தக் கால் நகர்ந்துவிடக் கூடாது. உள்ளே எண்ணெய் அடங்கும்வரை பிரேக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஓர் எண்ணெய் ஆலையின் லாரி யார்டில் பதினோரு வருடமாக அவள் வண்டிச் சோதனை பார்த்துவந்தாள். காலையில் வெளியே போகிற ஒவ்வொரு லாரியையும் சுற்றிவந்து முப்பத்திரண்டு இடங்களைப் பார்ப்பாள். டயர், வால்வு, மேல்மூடியின் ரப்பர், இறக்கும் குழாயின் பூட்டு, காற்றழுத்தம், பிரேக் என்று ஒன்றுவிடாமல் தாளில் குறித்துக் கையெழுத்துப் போட்டால்தான் கேட் திறக்கும். குறை கண்ட இடத்தில் வெள்ளைச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுவிடுவாள். அந்தக் குறி விழுந்த வண்டியை மெக்கானிக் கை வைக்காமல் நகர்த்த முடியாது. முதலாளியின் மச்சான் ஒருமுறை வந்து, "ஒரு நாள் ஓடினா வால்வு என்ன உதிர்ந்தா போயிடும்?" என்று குதித்தபோது, "உதிராது சார். ஒழுகும். நீங்க துடைக்க வருவீங்களா?" என்று கேட்டாள். சாக்பீஸ் என்ற பெயர் அதோடு நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

வயது நாற்பத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறையும் சின்னச் சமையல் மேடையும் அவளுடையவை. அண்ணனும் அதே ஆலையில்தான் லாரி ஓட்டினார். இருபத்தாறு வருடம். அவரை எல்லோரும் மெத்தை என்பார்கள். அவர் பிரேக் போட்டால் பக்கத்து சீட்டில் தூங்குகிறவனுக்கு முழிப்பு வராது. பாதி லோடில்கூட டேஷ்போர்டின் மேல் வைத்த டம்ளரில் தேநீர் ஆடாது. மற்ற டிரைவர்கள் பொறாமைப்படாமல் பெருமைப்பட்ட ஒரே ஆள் அவர்தான். அவள் மட்டும் அண்ணே என்பாள். அவர் இன்னமும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அண்ணனின் லாரி வரிசையில் நான்காவதாக நின்றது. சுற்றுவேலை எல்லாம் முடித்துவிட்டுப் பிரேக் சோதனைக்காக அவள் வண்டியின் பின்னால் போய் நின்றுகொண்டாள். டிரைவர் பிரேக்கை மிதித்தபடி ஒரு நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் எங்காவது காற்று சீறுகிறதா என்று அவள் காது கொடுப்பாள்.

"மிதிண்ணே!"

"மிதிச்சாச்சு!"

பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிந்தன. மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். நாற்பது தாண்டியிருக்கும், விளக்குகள் பொசுக்கென்று அணைந்தன.

"ஏண்ணே விட்டே? இன்னும் முடியல!"

"யார் விட்டா? மிதிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்!"

மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது. "விளக்கு ஸ்விட்சு போயிருக்கும் பாப்பா" என்றார் அண்ணன், ஜன்னல் வழியே தலையை நீட்டி. அவள் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள். மெக்கானிக்குக்கு ஸ்பேனர் என்று பெயர். ஒல்லியாக, தலை மட்டும் பெரிதாக இருப்பார். வந்து குனிந்து நோண்டிப் பார்த்துவிட்டு, "பழசே நல்லாத்தான் இருக்கு. உன் மனசு ஆறட்டும்னு புதுசு போட்டுட்டேன்" என்றார். அவரே சீட்டில் ஏறி மிதித்தும் காட்டினார். முழுதாக அறுபது எண்ணும்வரை விளக்கு அணையவில்லை, காற்றும் சீறவில்லை.

மீதியிருந்தது டிரைவரின் பூட்ஸ். தாளில் இருபத்தொன்பதாவது வரி. அண்ணன் ஆறு மாதமாகப் பூட்ஸ் போடுவதில்லை. "அதைப் போட்டா கால் மரத்துப்போகுது பாப்பா" என்று ஒருநாள் சொன்னார். போனால் போகிறது என்று விட்டாள். வேறு டிரைவர் செருப்போடு வந்திருந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்பியிருப்பாள். பதினோரு வருடத் தாள்களில் அவள் எழுதிய ஒரே பொய் அந்த வரியில்தான் இருந்தது. அன்றைக்கும் எழுதினாள்.

அண்ணன் தேநீர் குடித்துவிட்டு வந்து படியில் கால் வைத்து ஏறினார். வலது கால் செருப்பு கீழேயே கிடந்தது. அவர் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, வண்டியைக் கிளப்பவும் போனார்.

"அண்ணே, செருப்பு!"

அவர் குனிந்து வெறும் காலைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "வயசாச்சுல்ல!"

செருப்பை எடுத்து நீட்டியவள் அவர் காலையே பார்த்தாள். போன வாரம் வீட்டுப் படியிலும் இப்படித்தான் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதற்கு முன்னாலும் ஒருநாள். ஆனால் பின்னால் ஆறு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கையெழுத்துப் போட்டாள். கேட் திறந்தது.

பதினொன்றரை மணிக்குத் தகவல் வந்தது. பிஸ்கட் ஆலையில் பாதி எண்ணெயை இறக்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிற வழியில், நாற்சந்தி சிக்னலில் லாரி ஒரு தபால்காரரை இடித்துவிட்டது. அவர் சைக்கிளோடு முன்னால் நின்றிருந்தவர். உயிருக்கு ஆபத்தில்லை. கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. சைக்கிள் பையிலிருந்த கடிதமெல்லாம் மழைத்தண்ணீரில் மிதந்ததாம்.

மூன்று மணிக்கு அண்ணனை ஜீப்பில் யார்டுக்குக் கூட்டிவந்தார்கள். முகம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்திருந்தது. எதிரே யார் இருந்தாலும் அதையேதான் சொன்னார்.

"நின்ன வண்டிங்க. கோட்டுக்கு இந்தப் பக்கம் அழகா நின்னுடுச்சு. நான் பிரேக்ல வச்ச காலை எடுக்கவே இல்ல. உள்ள எண்ணெய் வந்து முட்டினதும் வண்டி தானா நகர்ந்துடுச்சு. பிரேக் விட்டுடுச்சு."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னைக்குக் காலையில அந்த வண்டியில யார் கை வச்சது?"

எல்லோருடைய கண்ணும் ஸ்பேனர் பக்கம் திரும்பியது.

"சார், நான் மாத்தினது விளக்கு ஸ்விட்சு. வண்டி நிக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்றார் ஸ்பேனர்.

"காலையில கை வச்சிருக்கே. மத்தியானம் பிரேக் விட்டிருக்கு. இதுல என்ன சம்பந்தம் வேணும்? வெள்ளிக்கிழமை விசாரணை. அதுவரைக்கும் யார்டுக்குள்ள வராதே."

லாரியை இழுத்துவந்து போட்டதும், ஸ்பேனர் கிளம்புவதற்கு முன்னால், அவரும் அவளும் சேர்ந்து பிரேக்கை மறுபடி சோதித்தார்கள். பத்துமுறை மிதித்தார்கள். பத்துமுறையும் பிடித்தது. பாறை மாதிரி நின்றது. ஸ்பேனர் கைத்துணியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்:

"மெத்தை பொய் சொல்ற ஆளில்ல. இந்த பிரேக்கும் பொய் சொல்லல. அப்புறம் எதும்மா பொய்?"

பதில் தனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்ள அவள் ஆசைப்பட்டாள்.

மறுநாள் மாலை வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆலையின் ஆள் என்றதும் திட்டு விழும் என்று பயந்துகொண்டேதான் போனாள். தபால்காரர் திட்டவில்லை. காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், இவளை உட்காரச் சொல்லவில்லை.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க" என்றார் தபால்காரர். "வண்டி நல்லா நின்னுச்சும்மா. நான் திரும்பிப் பார்த்தேன். டிரைவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். அப்புறம்தான் மெதுவா வந்துச்சு. பிரேக் விட்டுப்போன வண்டியில டிரைவர் முகத்தை நான் முன்னாடி ஒரு தடவை பார்த்திருக்கேன். பதறும். இவர் பதறல. அந்த பம்பர் என் தொடையில படற வரைக்கும் அதே மாதிரி சிரிச்ச முகமா இருந்தார். வண்டி நகருதுன்னே அவருக்குத் தெரியல."

"மனசாட்சி இல்லாத பயல்" என்றாள் அவர் மனைவி.

"அப்படி இல்ல, சும்மா இரு. எனக்கு அதுதான் புரியல" என்றார் அவர்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வெறுங்காலோடு சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தார். அவர் நடக்க நடக்கத் தரையில் டக், டக் என்று ஒரு சின்னச் சத்தம். வலது கால் படும்போதெல்லாம் கேட்டது.

"அது என்ன சத்தம்?" என்றாள்.

"என்ன சத்தம்?" என்றார் அண்ணன்.

"உட்காருண்ணே."

"எதுக்கு?"

"உட்காருன்னா உட்காரு."

கேட்டில் நின்று லாரிகளிடம் பேசும் குரல் அது. அவர் உட்கார்ந்தார். அவள் தரையில் உட்கார்ந்து அவர் வலது காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தாள். உள்ளங்காலின் நடுவில் ஓர் ஆணி, நோட்டீஸ் குத்தும் சின்னத் தட்டைத்தலை ஆணி, தலை மட்டும் தெரிய இறங்கியிருந்தது. சுற்றிலும் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. யார்டு அறிவிப்புப் பலகையிலிருந்து விழுந்ததாக இருக்கலாம். முந்தின நாளிலிருந்தே அது அங்கே இருந்திருக்க வேண்டும். நகத்தால் நெம்பிப் பிடுங்கினாள். ரத்தம் கொப்பளித்தது. அண்ணன் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. அவர் அவளுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயையோ" என்று அண்ணி துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

சாக்பீஸ் காயத்தைத் துடைத்து, அதன்மேல் மட்டும் பஞ்சு வைத்து ஒட்டினாள். பிறகு வேலைச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"கண்ணை மூடிக்கண்ணே. நான் எங்க தொடுறேன்னு சொல்லு."

"என்ன விளையாட்டு இது?"

"மூடு."

முதலில் இடது கால். "பெருவிரல்" என்றார். "குதிகால்." அடுத்த இரண்டுக்குக் கொஞ்சம் யோசித்துச் சொன்னார், அதில் ஒன்று தப்பு. பிறகு வலது கால். அவள் பேனா முனையால் பெருவிரலின் அடியில் அழுத்தினாள். காத்திருந்தாள். விரல்களின் கீழே மேட்டில் அழுத்தினாள். பள்ளத்தில். ஓரத்தில். குதிகாலில் இரண்டு முறை. பேனா உடைந்துவிடும்போல மறுபடி மறுபடி அழுத்தினாள். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அண்ணன் கண்ணை மூடியபடியே சிரித்தார். "என்ன பாப்பா, எவ்வளவு நேரம்? எப்பத்தான் தொடப்போற?"

அவர் கண்ணைத் திறந்தார், அவள் கையிலிருந்த காலைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். உள்ளங்காலில் பதினான்கு நீலப் புள்ளிகள் இருந்தன. ஒவ்வொன்றாக விரல் வைத்துத் தடவினார், அழிக்கப் பார்க்கிறவர் மாதிரி.

சர்க்கரை வியாதி எட்டு வருடமாக இருந்தது. மாத்திரையை நினைத்தால் போடுவார், மறந்தால் விடுவார். வருடாவருடம் ஆலை டாக்டர் டிரைவர்களுக்குக் கண் பார்த்தார், காது பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொன்னதில்லை.

"அப்போ நேத்து..." என்று ஆரம்பித்து அண்ணன் நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "பிரேக் விடல. என் கால்தான் வழுக்கியிருக்கு. மிதிச்சுக்கிட்டு இருக்கிறதாவே நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

"ஆமாண்ணே."

"ஸ்பேனர் பிள்ளைகுட்டிக்காரன். அவன் தலையில இது விழக் கூடாது." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வெள்ளிக்கிழமை நானே சொல்லிடறேன். கவனிக்காம காலை எடுத்துட்டேன், தப்பு என் மேலன்னு. கவனக்குறைவுன்னு எழுதட்டும். மூணு மாசம் வண்டி தர மாட்டாங்க. தரலன்னா வேற கம்பெனிக்குப் போறேன். ஆனா கால் விஷயம் இந்த வீட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினா லைசென்ஸ் போயிடும். கவனக்குறைவுக்கு மன்னிப்பு இருக்கு பாப்பா. செத்த காலுக்கு இல்ல."

"மூணு மாசத்துல கால் சரியாயிடுமா?" என்று கேட்டாள் அண்ணி.

பிறகு இவள் பக்கம் திரும்பினாள். "வண்டி இல்லன்னா இவர் என்னம்மா பண்ணுவார்? வீட்டோட நாலு சுவரைத்தான் ஓட்டணும். நீ கொஞ்சம் பார்த்துச் சொல்லு."

"பார்க்கிறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டு அவள் மாடியேறிப் போனாள். அந்த ஒரு சொல்லை நம்பி அவர்கள் இருவரும் கீழே நிம்மதியாகச் சாப்பிட்டார்கள் என்பது பிறகு தெரிந்தபோது அது அவள் நெஞ்சை அறுத்தது.

வியாழக்கிழமை முழுவதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு வண்டியில் மூடி ரப்பர் கிழிந்திருந்ததைப் பார்த்தும் பார்க்காமல் கடந்து, பாதி வழியில் ஓடிவந்து குறி போட்டாள். அண்ணன் சொன்னதில் ஒரு வார்த்தைதான் அவளைக் குடைந்துகொண்டே இருந்தது. வேற கம்பெனிக்குப் போறேன். வேறு கம்பெனி என்றால் வேறு லாரி. அதற்குள்ளும் பாதி எண்ணெயோ பாலோ அமிலமோ இருக்கும். அதே கால் அதன் பிரேக்கில் இருக்கும். அந்தச் சிக்னலில் யார் நிற்பார்கள் என்று யார் கண்டது. தபால்காரருக்குக் காலோடு போயிற்று. அண்ணன் நல்லவர், அது அவளுக்குத் தெரியும். ஆனால் நல்ல மனசு பிரேக்கை மிதிக்காது.

வெள்ளிக்கிழமை விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. ஸ்பேனர் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் முதலில் பேசினார். சொன்னபடியே சொன்னார். பிரேக் நல்லாத்தான் இருந்தது, நான்தான் கவனிக்காமல் காலை எடுத்துவிட்டேன், ஸ்பேனர்மேல் பழி போட்டது தப்பு, மன்னித்துவிடுங்கள். ஸ்பேனரின் கண் கலங்கிவிட்டது. மேனேஜர் எழுதிக்கொண்டார்.

"இருபத்தாறு வருஷத்துல இதுதான் முதல் தப்பு. கவனக்குறைவுன்னு போட்டுக்கறேன். மூணு மாசம் தண்டனை, அப்புறம் பார்ப்போம்." பேனாவை மூடியபடி அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு ஏதாவது சொல்லணுமா?"

அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்று இருந்தார். அந்த நம்பிக்கைதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இருக்கு சார்" என்றாள். "ரெண்டு விஷயம். முதல் விஷயம் என் தப்பு. இருபத்தொன்பதாவது வரி, பூட்ஸ். ஆறு மாசமா எங்கண்ணன் பூட்ஸ் போடல. நான் போட்டதா எழுதினேன்."

மேனேஜர் பேனாவை மறுபடி திறந்தார்.

"ரெண்டாவது, அவர் காலை எடுக்கல சார். அவர் கவனமாத்தான் இருந்தார். அவருக்கு வலது உள்ளங்கால்ல உணர்ச்சி இல்ல. ஆணி குத்தினது தெரியல. பிரேக்ல இருக்கா, இல்லையான்னும் தெரியல. சர்க்கரை. கவனக்குறைவுன்னு எழுதினா அது பொய். மூணு மாசம் கழிச்சு நீங்க சாவியைக் கொடுப்பீங்க."

மேனேஜர் அண்ணனைப் பார்த்தார். "உண்மையா?"

அண்ணன் எழுந்தார். கோபப்படுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"அந்தம்மா சொல்றது சரிதான் சார்" என்றார் அவர்.

அந்தம்மா. தெருவில் போகிற யாரையோ சொல்வது மாதிரி. நாற்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக.

உரிமம் போயிற்று. ஆலை அண்ணனை நோயாளி என்று எழுதிச் சேரவேண்டியதைக் கொடுத்து அனுப்பியது. ஸ்பேனர் வேலைக்குத் திரும்பினார். ஒருநாள் அவள் எதிரே வந்து நின்று, "நன்றின்னு சொல்ல வாய் வரலம்மா. சொன்னா உங்கண்ணனுக்குப் பாவம் பண்ற மாதிரி இருக்கு" என்றுவிட்டுப் போனார். பூட்ஸ் விஷயத்துக்காக அவளை ஐந்து மாதம் கேட்டிலிருந்து எடுத்துக் காலி டின்களை எண்ணும் கிடங்கில் போட்டார்கள். அவள் மறுபேச்சுப் பேசவில்லை. அண்ணன் இடத்துக்கு வந்த புது டிரைவர் பிரேக் போடும்போது வண்டி முக்கி முனகும் சத்தம் கிடங்குவரை கேட்டது.

வீட்டில் அண்ணன் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். பேச வேண்டியதெல்லாம் அண்ணி வழியாகத்தான். "மாடியில தண்ணி வருதான்னு அந்தம்மாவைக் கேளு." "அந்தம்மாவுக்கு ஏதோ கடிதம் வந்திருக்கு, கொடுத்துடு." அவள் மூன்றடி தூரத்தில் நிற்கும்போதே சொல்வார். அண்ணி முதலில் அழுதாள், பிறகு எரிச்சல்பட்டாள், கடைசியில், "நான் என்ன தந்திக் கம்பமா?" என்று கேட்டு ஒரு வாரம் இருவரோடும் பேசாமல் இருந்தாள்.

ஆணிக் காயம் ஆறவில்லை. புண்ணாகிச் சீழ் வைத்தது. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கட்டுக் கட்டினார்கள். விரல் போகாமல் தப்பியதே பெரிது என்றார் டாக்டர். தினமும் சாயங்காலம் யாராவது உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், கல்லோ முள்ளோ கொப்புளமோ அவருக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பினார். அண்ணிக்குக் கண்ணில் புரை. ஆக, அதுவும் அவள் வேலையாயிற்று. வேலை முடிந்து வந்ததும் கீழே போய் உட்காருவாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு காலை நீட்டுவார். அவள் விரலிடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல" என்பாள். அவர் காலை இழுத்துக்கொள்வார். நான்கு மாதம் அவர்களுக்குள் நடந்த பேச்சு அந்த இரண்டு சொல்தான், அதுவும் ஒரு பக்கமாக.

ஐந்தாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் காலையிலேயே குளித்து, தலைசீவி, எங்கேயோ கிளம்பிப் போனார். அண்ணி மாடிக்கு மூச்சுவாங்க ஏறிவந்தாள். தண்ணீர் லாரி வைத்திருக்கும் ஒருவர் முந்தாநாள் வீட்டுக்கு வந்தாராம். அனுபவம் உள்ள ஆள் வேண்டுமாம், காகிதம் எதுவும் கேட்கமாட்டாராம், ஊருக்குள்ளேயே ஓட்டுவதுதானாம்.

"தண்ணி லாரியிலதான் அண்ணி பாதி பாதியா இறக்குவாங்க, வீடு வீடா" என்றாள் அவள். உடைகூட மாற்றாமல் ஓடினாள்.

தெருமுனை வரைக்கும்தான் போனாள். அண்ணன் எதிரே வந்துகொண்டிருந்தார், நொண்டாமல், ஆனால் ஒவ்வொரு அடியையும் கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டு. அவளைப் பார்த்ததும் நின்றார். பக்கத்தில் மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தார். அவளும் ஒரு கை தள்ளி உட்கார்ந்தாள்.

"சாவியைக் கொடுத்தான். ஏறி உட்கார்ந்தேன்" என்றார். பாப்பா என்று கூப்பிடவில்லை. ஆனால் அவளிடம்தான் சொன்னார். "பாதித் தண்ணி இருந்துச்சு உள்ள. அவனோட மைதானத்துலயே ஒரு சுத்து ஓட்டிப் பார்த்தேன். நிறுத்தினேன். பின்னாடி தண்ணி வந்து முட்டறது முதுகுல தெரியுது. நல்லா தெரியுது, பழையபடி. எத்தனை அலை, எப்ப அடங்கும், எல்லாம் முதுகு சொல்லுது. கால்கிட்ட இருந்து ஒரு சேதியும் வரல. கீழ குனிஞ்சு காலைத் தேட வேண்டியிருக்கு. மைதானத்துக்கு வெளியில பிள்ளைங்க ஓடி விளையாடிக்கிட்டிருந்தாங்க. சாவியைக் கொடுத்துட்டு வந்துட்டேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அழுதால் அவருக்குப் பிடிக்காது.

"அந்தத் தபால்காரர் எப்படி இருக்கார்?"

"தடி வச்சு நடக்கிறார். உள்ளேயே உட்கார்ந்து கடிதம் பிரிக்கிற வேலை கொடுத்திருக்காங்க."

"ம்." பிறகு சொன்னார்: "நீ சொன்னது தப்புன்னு நான் சொல்லல. ஆனா முந்தின நாள் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். நாளைக்கு நான் சொல்லப் போறேண்ணேன்னு. பார்க்கிறேன்னு சொல்லிட்டு மேல போயிட்டே. நான் உன்னை நம்பிக்கிட்டு அங்க உட்கார்ந்திருந்தேன்."

"சொல்லியிருந்தா விட்டிருப்பியாண்ணே?"

அவர் யோசித்தார். "விட்டிருக்க மாட்டேன். கால்ல விழுந்தாவது தடுத்திருப்பேன்."

"தெரிஞ்சுதான் சொல்லல."

"இருந்தாலும் சொல்லியிருக்கணும்" என்றார் அவர்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் முழங்காலில் கையூன்றி எழுந்து, செருப்பு காலில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டு, முன்னால் நடந்தார். இரண்டு அடி போனதும் அவள் எழுந்தாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவளும் எழுந்து பின்னாலேயே போனாள்.